விலாசம் இல்லாத படங்கள்

“பார்த்தாலே தெரியுதே, இதுல எழுத என்ன இருக்கு?”

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்களிடம், படத்துக்கு ஒரு வரி எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். காரைக்குடிப் பக்கம் விடுதி நடத்துகிறவர், சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர், கல்யாணப் படம் எடுக்கிறவர், ஊர்ப் பெருமை பேசும் பக்கத்தை ஆர்வத்தோடு நடத்தும் கல்லூரி மாணவர் என எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள். படமே பேசும்போது சொல் எதற்கு? இதை யாரும் வாதமாக முன்வைப்பதுகூட இல்லை. கேள்வி கேட்கப்படாத பழக்கமாக ஊறிவிட்டது. அந்தப் பழக்கம் தவறானது. அதனால் செட்டிநாடு இழப்பதும் கொஞ்சநஞ்சமல்ல.

கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக ஒரு பெயர் வைக்கிறது. ‘ஐஎம்ஜி’ அல்லது ‘டிஎஸ்சி’, ஓர் அடிக்கோடு, பிறகு நான்கு இலக்கம். கேமரா நிறுவனங்களுக்குப் பொதுவாக 1998-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட விதி இது. எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்குத் திரும்பிவிடும். நிறையப் படம் எடுக்கிற ஒருவரிடம் கானாடுகாத்தான் அரண்மனை வாசலும் தங்கை மகளின் காதுகுத்தும் ஒரே பெயரில் இருப்பது சாதாரணம். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போனால் அங்கே வேறொரு பெயர் விழும். படத்துக்குள் பதிந்திருந்த இடக்குறிப்பும் எடுத்த நேரமும் உதிர்ந்துவிடும். இரண்டு கை மாறியபின் அது எந்த ஊர், எந்த வீடு என்று எடுத்தவரே திணறுவார்.

இணையப் பக்கத்தில் படத்தை வைக்கும்போது அதற்குள் சொல் எழுத ஓர் இடம் இருக்கிறது. ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். தமிழில் மாற்று உரை. கண்ணுக்குத் தெரியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைக் குரலாகப் படிக்கும். படம் இறங்காதபோது அந்த இடத்தில் எழுத்தாகத் தோன்றும். தேடுபொறியும் அதைப் படித்துத்தான் படம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்கிறது. இது நேற்று வந்த வசதி அல்ல. 1995-இன் எச்டிஎம்எல் தரத்திலேயே இருந்தது. 1999-இல் வந்த தரம் ஒவ்வொரு படத்துக்கும் அது இருந்தே ஆக வேண்டும் என்றது. அதே ஆண்டு மே மாதம் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியில் முதல் விதியே இதுதான். கால் நூற்றாண்டாகக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறோம்.

காலியாக விட்டால் என்ன ஆகும்? பார்வையற்ற ஒருவர் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை ஓடவிட்டு, செட்டிநாட்டில் தங்க இடம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுதியின் பக்கத்தில் பத்துப் படங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சொடுக்கினால் பெரிதாகும் இணைப்பு. அம்புக்குறிப் பொத்தானை அழுத்த அழுத்த அவர் காதில் விழுவது: “கிராஃபிக், லிங்க், ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் நாலு நாலு ஏழு ஒண்ணு.” அடுத்த அழுத்தலுக்கு நாலு நாலு ஏழு ரெண்டு. அறை எது, குளியலறை எது, படி ஏற வேண்டிய மாடி எது என்று ஒன்றும் தெரியாமல் அவர் அடுத்த விடுதிக்குப் போகிறார்.

‘படமே பேசும்’ என்பது கண் தெரிந்தவருக்காவது உண்மையா? அதுவும் பாதிதான். செட்டிநாட்டு வீட்டுத் தரையின் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பூப்போட்ட கல், பளபளப்பு. அது ஆத்தங்குடியில் வார்த்ததா, கப்பலில் வந்த வெளிநாட்டு ஓடா? படம் சொல்லாது. ஆத்தங்குடிக் கல் சூளை காணாதது. அளவாக வெட்டிய கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, அதன் அறைகளில் கரண்டியால் நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி இறுக்குகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி தனியே கழன்றுவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் தங்கிவிட்ட பளபளப்பு. நல்ல பார்வை உள்ள மும்பைக்காரருக்கும் இது படத்திலிருந்து தெரியப்போவதில்லை. யாராவது எழுதினால்தான் உண்டு.

வளவின் படமும் அப்படித்தான். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகச் சிறு கதவுகள். பார்க்கிறவர் அழகான தாழ்வாரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார். அந்தக் கதவுகள் அழகுக்காக அப்படி வரிசையில் நிற்கவில்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை. கூட்டுக்குடும்பத்தின் பங்கு முறையே கதவு வரிசையாக நிற்கிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த ஊர் பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயர்கள் அத்தனையும் இணையத்தில் ‘அழகிய செட்டிநாட்டு இல்லம்’ என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் கரைந்துபோகின்றன. பல இடங்களில் அதுகூட இல்லை.

அடுத்து வருவது, கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்லப்படுகிற வாதம். “கண் தெரியாதவங்க வீடு பார்க்கவா வரப்போறாங்க?” இதில் அறியாமை பாதி, அலட்சியம் பாதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பார்வையற்ற ஆசிரியர்கள் தமிழும் வரலாறும் நடத்துகிறார்கள். நகரத்தார் வணிக வரலாற்றை வகுப்பில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு, அந்த வரலாற்றின் முக்கியச் சான்றான கட்டடங்கள் வாய்மூடிக் கிடக்கின்றன. சர்க்கரை நோயாலும் கண்நீர் அழுத்தத்தாலும் வயதான காலத்தில் பார்வை போனவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! தான் பிறந்த வீட்டின் படத்தைப் பேரன் இணையத்தில் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கைபேசியைக் கையில் எடுக்கும் ஆச்சிக்கு, கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கின் குரல் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், அந்த வீடு அவருக்கு இல்லையென்றே ஆகிவிடுகிறது.

இது கருணை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடகத்தில் உள்ள உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ‘யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியாயிற்று.

தமிழில் இதைவிடக் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. எழுத்தையே படமாக்கிப் போடுவது. திருவிழா அழைப்பிதழ், மின்தடை அறிவிப்பு, வேலைவாய்ப்புச் செய்தி, உணவுப் பட்டியல், செய்திச் சேனல்களின் நியூஸ் கார்டு என எல்லாம் படம். ஒருங்குறி பரவாத காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இன்று மலிவான கைபேசியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. காரணம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எந்தெந்தத் தெருவில் மின்சாரம் இருக்காது என்ற செய்தி படத்துக்குள் அடைபட்டிருந்தால், பார்வையற்றவர் அதை இன்னொருவரிடம் படித்துக்காட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதே வரிகளைப் படத்துக்குக் கீழே தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகுமா?

செலவாகும், நேரமாகும், ஆள் வேண்டும் என்று சொல்கிறவர்கள் சிட்னியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2000 ஒலிம்பிக் போட்டிக்கான இணையதளத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை, விளையாட்டுகளின் பட்டியலுக்குள் நுழைய முடியவில்லை என்று பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவையர் 1999-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். சரிசெய்ய 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பிடிக்கும், ஏராளமான ஆட்களும் காலமும் வேண்டும் என்றது ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழு. வல்லுநர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஆணையம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைத் திருத்தச் சொல்லி 2000 ஆகஸ்டில் உத்தரவிட்டது. குழு முழுமையாகச் செய்யவில்லை. 20,000 டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்தது. கட்டி முடித்த பின்பு திருத்துவதுதான் செலவு. படத்தை ஏற்றும்போதே ஒரு வரி எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். முப்பது படம் போடும் விடுதிக்கு மொத்தமாகக் கால் மணி நேரம்.

இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் வாதம்தான் பலரையும் மயக்குகிறது. “அதான் ஏஐ வந்துடுச்சே, அதுவே சொல்லிடும்.” 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் இதைத் தொடங்கியது. படத்தில் இருக்கக்கூடியவை என்று மரம், வானம், சிரிக்கும் ஒருவர் என அடுக்கும். 2019 ஜூலையில் ஒருநாள் ஃபேஸ்புக்கில் படங்கள் இறங்காமல் போனபோது, இந்தச் சொற்கள் உலகம் முழுக்க எல்லோர் திரையிலும் தோன்றின. தங்கள் குடும்பப் படத்தை இயந்திரம் எவ்வளவு மொட்டையாகப் பார்க்கிறது என்று பார்வையுள்ளவர்கள் அன்றுதான் கண்டார்கள். அதன்பின் இயந்திரம் வெகுவாக வளர்ந்துவிட்டது என்பது உண்மை. இன்று தூணின் நிறத்தையும் தரையின் பூவேலையையும் அது சரளமாக விவரிக்கும். அவசரத்துக்கு அது பார்வையற்றவருக்குப் பேருதவி. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் இது பள்ளத்தூரா கண்டனூரா, வீடு யாருடையது, வீட்டின் எந்தக் கட்டு, கதவில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமிக்குக் கீழே உள்ள எழுத்து எந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது என்பதெல்லாம் படத்தின் நிறப்புள்ளிகளில் இல்லை. இல்லாததை இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்? ஊகிக்கும். தப்பாக ஊகித்தாலும் தயங்காமல் சொல்லும்.

அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. படங்களைப் பார்த்துப் பேசும் இந்த இயந்திரங்கள் பாடம் படித்ததே மனிதர்கள் எழுதிய படக்குறிப்புகளிலிருந்துதான். 2018-இல் கூகுள் வெளியிட்ட, 33 லட்சம் படங்கள் கொண்ட தொகுப்பு இணையப் பக்கங்களின் மாற்று உரையைச் சலித்து எடுத்தது. 2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கிளிப் என்ற இயந்திரம், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படம்-சொல் இணைகளைக் கொண்டு பயின்றது. 2022-இல் வந்த லையான் தொகுப்பில் 585 கோடி இணைகள்; அவையும் மாற்று உரையிலிருந்து வந்தவைதான். அவற்றில் 232 கோடி ஆங்கிலம். செட்டிநாட்டுக்காரர்கள் தங்கள் வளவையும் பட்டாலையையும் பெயர் சொல்லி எழுதாமல், இயந்திரம் எழுதிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தால், அது வேறு யாரோ எங்கிருந்தோ எழுதிய பொதுப்படையான ஆங்கிலச் சொற்களைத்தான் திருப்பித் தரும். ‘அதுவே சொல்லிவிடும்’ என்கிறவர்கள், அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கூட்டம் எழுதத்தான் செய்கிறது, ஆனால் தேடுபொறிக்காக மட்டும். சாப்பாட்டு மேசையின் படத்துக்கு ‘காரைக்குடி சிறந்த ஹோட்டல் குறைந்த விலை ஹோட்டல் செட்டிநாடு ரூம் புக்கிங்’ என்று மாற்று உரை. திரைவாசிப்பானில் கேட்கிறவருக்கு இது காதில் விளம்பரத்தைக் கொட்டுவதுதான். வார்த்தைகளை இப்படித் திணிக்க வேண்டாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் எச்சரிக்கிறது. அதேபோல் எல்லாப் படத்துக்கும் எழுதியாக வேண்டும் என்பதும் இல்லை. பக்க ஓரத்தில் அழகுக்கு வைத்த கோலத்துக்கு மாற்று உரை இடத்தை வெறுமையாக வைப்பதே முறை. திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு சேதியைத் தாங்கி நிற்கும் படத்துக்குத்தான் சொல் வேண்டும். அதுவும் நீண்ட வர்ணனையாக இருக்க வேண்டியதில்லை. ‘கானாடுகாத்தான் வீடு ஒன்றின் வளவு, நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், பின்னால் வரிசையாக அறைக் கதவுகள்’. இவ்வளவு போதும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் உடைந்துவிடும் என்ற அச்சத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கானாடுகாத்தான்’ என்ற ஒரு சொல் 126 எழுத்து நீளமாகிவிடும். தொல்லை என்று நினைப்பவர்கள் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில், ஊர்-பகுதி-பொருள்-ஆண்டு என்று இடையில் சிறுகோடிட்டு வைத்துக்கொள்ளலாம். விக்கிமீடியா பொதுவகம் தமிழ்ப் பெயரைத் தயங்காமல் ஏற்கிறது; அது ஏற்க மறுப்பது கேமரா வைத்த வெற்று எண்ணைத்தான். ஆனால் தமிழ்ப் பக்கத்தின் மாற்று உரை தமிழில்தான் இருக்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் அவசியம். குறிக்காவிட்டால் திரைவாசிப்பானின் ஆங்கிலக் குரல் தமிழ் வரிக்கு முன்னால் தடுமாறி நிற்கும்.

இவ்வளவும் செட்டிநாட்டுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பழக்கம் இல்லை என்பதுதான் வேதனை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து ஒரு பித்தளைத் தூக்கையோ எவர்சில்வர் கரண்டியையோ திருப்பிப் பார்த்தால், குடும்ப விலாசம் வெட்டியிருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச்சாமான் ஒவ்வொன்றிலும் முதலெழுத்துகளைப் பொறித்து, எதை எத்தனை கொடுத்தோம் என்று முறைச்சிட்டையில் எழுதி வைத்த சமூகம் இது. கரண்டிக்குக் கூட விலாசம் வேண்டும் என்று நினைத்த வீட்டின் படம், இன்று விலாசம் இல்லாமல் இணையத்தில் அலைகிறது.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே தொடக்க ஆண்டுகளில் நடந்த பெரும்பணி என்ன? பட்டியலிடுதல். ஒவ்வொன்றையும் எடுத்து, தலைப்பு, ஆண்டு, பொருள் எழுதி, தேடினால் கிடைக்கும்படி செய்தார்கள். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் அது இன்று ஒரு லட்சம் காகிதங்களின் குவியல். செட்டிநாட்டைப் பற்றி இணையத்தில் குவிந்திருக்கும் படங்கள் இன்னும் அந்தக் குவியல் நிலையிலேயே இருக்கின்றன.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பெருமையைப் பேசாத சுற்றுலாப் பக்கம் இல்லை. தற்காலிகப் பட்டியலிலிருந்து நிரந்தரப் பட்டியலுக்குப் போக ஒரு விண்ணப்பக் கோப்பு தயாரிக்க வேண்டும். அதோடு படங்களின் அட்டவணை ஒன்றையும் இணைக்க வேண்டும். அந்த அட்டவணையில் ஒவ்வொரு படத்துக்கும் என்னென்ன கட்டம் நிரப்ப வேண்டும் என்பதை யுனெஸ்கோவின் நடைமுறை விதிகள் வரையறுத்திருக்கின்றன. படக்குறிப்பு, எடுத்த நாள், எடுத்தவர் பெயர், உரிமை யாரிடம், அவரைத் தொடர்புகொள்ளும் முகவரி. ‘பார்த்தாலே தெரியும்’ என்ற பதிலுக்கு அங்கே கட்டம் கிடையாது. இதற்கிடையில் வீடுகள் இடிக்கப்பட்டுத் தூணும் நிலையும் லாரி ஏறிக்கொண்டிருக்கின்றன. அப்படிப் போன வீடுகளின் படங்களிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பது வயதைக் கடந்தவர்கள். ஒரு மாலைப் பொழுதில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை விவரித்துச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கைபேசியில் அப்படியே தட்டச்சு செய்தால் மாற்று உரையும் படக்குறிப்பும் ஒருசேரத் தயாராகிவிடும்.